பதிவு எண் வந்த மறுநாள்

ஆரணியின் கடைத்தெருக்களில் பட்டுக்கடைப் பலகைகளுக்கு நடுவே சிறிய நர்சிங் ஹோம்களின் பலகைகளும் தொங்குகின்றன. பத்துப் பதினைந்து படுக்கை; டாக்டர் மாடியிலோ பக்கத்துத் தெருவிலோ குடியிருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் இம்மாதிரிக் கட்டடங்களில் வைத்தியம் படித்தவர் என்று விழித்திருப்பவர் பெரும்பாலும் டியூட்டி நர்ஸ் ஒருவர்தான். அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். சென்னை சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்திலிருந்து பதிவு எண் வந்து சில வாரங்களே ஆகியிருக்கலாம்.

அந்த எண் வந்த நாளிலேயே சட்டத்தின் பார்வையில் அவர் முழு நர்ஸ். இருபது வருடம் வார்டு பார்த்த சிஸ்டருக்கும் அவருக்கும் காகிதத்தில் வேறுபாடு கிடையாது. ஆனால் கையில் இருக்கிறது. அந்த முதல் ஆண்டில் புது நர்ஸ் எதைத் தானாகச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, தெரியாதபோது யாரைக் கூப்பிடுவது? இதற்கு நம்மிடம் எழுதிவைத்த பதில் எவ்வளவு இருக்கிறது, அதில் எவ்வளவு ஆரணி போன்ற ஊர் வரை வந்து சேர்கிறது என்பதுதான் கேள்வி.

நர்சிங்குக்கு இங்கே மூன்று வாசல்கள். நான்கு ஆண்டு பி.எஸ்சி., மூன்று ஆண்டு ஜி.என்.எம். பட்டயம், இரண்டு ஆண்டு ஏ.என்.எம். படிப்பு. கனடாவிலும் அமெரிக்காவிலும் 'பிராக்டிகல் நர்ஸ்' என்று தனியாகப் பதிவு பெறுகிறவரின் இடம் நம் ஊரில் ஏ.என்.எம்.முக்கும் ஜி.என்.எம்.முக்கும் நடுவில் எங்கோ வரும். மூன்று படிப்பிலும் பாடத்திட்டத்துக்குள்ளேயே பயிற்சிக் காலம் உண்டு. ஏ.என்.எம்.முக்குப் பதினெட்டு மாதப் படிப்பு, அதன் மேல் ஆறு மாத இன்டர்ன்ஷிப். ஆக, கைபிடித்துக் கற்றுக்கொடுக்கும் காலம் முழுவதும் பதிவுக்கு முன்னால் வருகிறது. பதிவுக்குப் பிறகு, அதாவது பொறுப்பு நிஜமாகத் தலையில் ஏறும் நாளில், கூட ஒருவர் இருந்தே ஆகவேண்டும் என்று எல்லா மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் நம்மிடம் இல்லை.

விதிகளுக்குப் பஞ்சம் என்று நினைக்க வேண்டாம். சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சி 1871-லேயே தொடங்கிவிட்டது. ஆரணியிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-ல் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். 1946-ல் அங்கேயே பி.எஸ்சி. நர்சிங் வந்தது. நர்சுகளையும் தாதிகளையும் பதிவு செய்யும் மெட்ராஸ் சட்டம் 1926-ல் நிறைவேறியது, நாட்டுக்கே பொதுவான இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம் 1947-ல். கவுன்சில் 2006-ல் நர்சுகளுக்கான நெறிமுறைகளையும் தொழில் நடத்தை விதிகளையும் வெளியிட்டது. நோயாளியின் மானம், ரகசியம், சம்மதம், தன் தகுதிக்கு உட்பட்ட வேலையை மட்டும் ஏற்பது, செய்ததற்குப் பதில் சொல்வது என எல்லாம் அதில் உண்டு. பழைய சட்டத்துக்கு மாற்றாக 2023-ல் தேசிய நர்சிங் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டமும் வந்துவிட்டது. நெறிமுறைக்கும் பதிவுக்கும் தனி வாரியம் அமைக்கச் சொல்கிறது அது.

காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் 'தன் தகுதிக்கு உட்பட்ட வேலை' என்ற வரி, இரவு இரண்டு மணிக்கு வார்டில் என்ன பொருள் தரும் என்பதை யாரும் விரித்து எழுதவில்லை.

டெல்லி வட்டாரத்தில் நடந்த ஒரு சம்பவம் அதைக் காட்டும். 1993 டிசம்பரில் டைபாய்டு காய்ச்சலுக்காக ஸ்பிரிங் மெடோஸ் என்ற தனியார் மருத்துவமனையில் ஒரு சிறுவனைச் சேர்த்தார்கள். டாக்டர் எழுதியது குளோரம்பெனிகால். டியூட்டியில் இருந்த பெண் சிறுவனின் தந்தையிடம் வாங்கிவரச் சொன்னது லாரியாகோ, அதாவது குளோரோகுயின். அதை நரம்பில் ஏற்றியதும் சிறுவன் சுருண்டு விழுந்தான். இதயம் நின்றது, மீட்டபோது மூளை மீட்க முடியாதபடி சேதமடைந்திருந்தது. தேசிய நுகர்வோர் ஆணையம் சிறுவனுக்குப் பன்னிரண்டரை லட்சமும் பெற்றோரின் மன வேதனைக்கு ஐந்து லட்சமும் தரச் சொன்னது. 1998-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. விசாரணையில் தெரிந்த இன்னொரு விஷயம்: ஊசி போட்டவர் எந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவு பெற்ற நர்ஸ் கிடையாது. பொறுப்பு அவரோடு நிற்கவில்லை, அவரை வேலைக்கு வைத்த மருத்துவமனையின் மேல் விழுந்தது.

அதற்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது என்று சொல்லத்தான் ஆசை. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இன்றும் ஓராண்டு, ஆறு மாதம் என்று 'நர்சிங் உதவியாளர்' சான்றிதழ் தரும் மையங்கள் நடக்கின்றன. கவுன்சில் அங்கீகரிக்காத இந்தச் சான்றிதழோடு வருகிற பெண்ணும், மூன்று வருடம் படித்த ஜி.என்.எம். பெண்ணும் ஒரே நிறச் சீருடையில், ஒரே வார்டில், பல நேரம் ஒரே சம்பளத்தில் நிற்கிறார்கள். நோயாளிக்கு இருவரும் 'சிஸ்டர்'தான். உதவியாளரைக் குறை சொல்வதற்கு எதுவும் இல்லை; அவருக்கென்று வேலைகள் இருக்கின்றன. படுக்கை மாற்றலாம், உடம்பு துடைக்கலாம், நோயாளியை நடக்க வைக்கலாம். கேனுலா போடுவதும் மருந்து ஏற்றுவதும் அதில் சேராது. இந்தக் கோட்டை யாரும் சொல்லித்தராதபோது, புதிதாகப் பதிவு பெற்ற நர்சும் தன் கோடு எங்கே என்று தெரியாமல்தான் நிற்கிறார்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளிக்கின்றன? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நர்ஸ் ஒரு வேலையைச் செய்யலாமா என்பதை நான்கு சல்லடைகளில் சலிக்கிறார்கள்: சட்டம் அனுமதிக்கிறதா, நர்சிங்கை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் தரநிலை அனுமதிக்கிறதா, வேலை செய்யும் இடத்தின் விதி அனுமதிக்கிறதா, கடைசியாகத் தனக்கு அது கைவந்திருக்கிறதா. மூன்றில் தேறி நான்காவதில் தேறாவிட்டாலும் செய்யக் கூடாது. ஒன்டாரியோவில் 2022 ஜனவரியிலிருந்து பிராக்டிகல் நர்சுகளுக்கென்றே புதிய பதிவுத் தேர்வு நடக்கிறது. இங்கிலாந்தில் 2022 அக்டோபரில் வெளியான தேசியக் கட்டமைப்பு, புதிதாகப் பதிவு பெற்றவருக்கு ஓராண்டு வரை ஒரு மூத்த நர்சைத் துணையாக வைக்கச் சொல்கிறது.

இதன் பின்னால் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் மார்லீன் கிரேமர் 1974-ல் எழுதிய நூலில், பள்ளியில் படித்த நர்சிங்கும் வார்டில் நடக்கும் நர்சிங்கும் மோதும்போது புது நர்சுகள் அடையும் அதிர்ச்சிக்கு ஒரு பெயரே வைத்தார். பத்து வருடம் கழித்து, 1984-ல், பட்ரீசியா பென்னர் புதியவரிலிருந்து வல்லுநர் வரை ஐந்து படிகளைப் பிரித்துக் காட்டினார். பரீட்சையில் தேறுவதும் வேலையில் தேறுவதும் ஒன்றில்லை என்பதை நர்சிங் உலகம் ஒப்புக்கொண்டு அரை நூற்றாண்டு ஆகிறது.

ஆரணிக்காரர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. பட்டுத்தறியில் புதிதாக உட்காருகிறவர் கையில் முதல் நாளே ஜரிகைச் சேலைப் பாவை யாரும் கொடுத்துவிடுவதில்லை. தார் சுற்றி, அறுந்த இழை பிணைத்து, பக்கத்தில் கை தேர்ந்தவர் ஒருவர் இருக்கத்தான் நாடா பிடிக்க விடுவார்கள். சேலை கெட்டால் நட்டம் என்பதால் வந்த ஒழுங்கு அது.

ஊருக்குள் வரும் நோயாளிகளையும் பார்க்க வேண்டும். குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்காரும் நெசவாளிக்கு இடுப்புவலியும் முட்டிவலியும் கூடவே வரும். அவருக்குச் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் வெறுங்காலால் மிதிகட்டை மிதிப்பவரின் பாதத்தில் சிராய்ப்பு வந்தது தெரியாது; சீழ் வைத்த பிறகுதான் வருவார். சேர்த்த அன்றே இன்சுலின் ஆரம்பிக்கும்.

இங்கேதான் புது நர்சின் கை சோதிக்கப்படுகிறது. இந்தியாவில் இன்சுலின் குப்பி இரண்டு செறிவில் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு, 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. டாக்டர் 20 யூனிட் எழுதுகிறார். 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது அரை மில்லி, அதாவது 50 யூனிட். விடியற்காலையில் நோயாளி வியர்த்துக் கொட்டி நினைவிழந்து கிடப்பார். மாற்றி, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவில்லையே என்று மறுநாள் அளவைக் கூட்டுவார்கள். கல்லூரியில் இது ஒரு வரியாக வந்து போயிருக்கும். முதல் பத்து நாள் பக்கத்தில் நின்று, 'குப்பியைப் படி, மூடியைப் பார், அப்புறம் இழு' என்று சொல்ல ஒரு சிஸ்டர் இருந்தால் போதும், ஆயுளுக்கும் மறக்காது.

போனில் வரும் உத்தரவு அடுத்தது. 'பி.பி. ஏறியிருக்கு சார்' என்றால் மறுமுனையில் தூக்கக் கலக்கத்தில் ஒரு மருந்துப் பெயர் வரும். கேட்டதை எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டி, 'சரி' வாங்கி, நேரத்தோடு கேஸ் ஷீட்டில் பதிந்து, காலையில் டாக்டரின் கையெழுத்து வாங்குவது முறை. பெரிய மருத்துவமனைகளில் இது பழக்கம். சிறு நர்சிங் ஹோமில் திருப்பி வாசிக்கும் பெண்ணுக்கு 'ஒரு தடவை சொன்னா புரியாதா' என்று திட்டு விழுவதும் உண்டு. திட்டுக்குப் பயந்து வாசிக்காமல் விடுகிறவரை விதி மீறியவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அப்படிப் பயப்பட வைத்த இடத்துக்கும் ஒரு தரநிலை வேண்டும்.

ஊருக்கு வெளியே, துணை சுகாதார நிலையத்தில் நிற்கும் கிராம சுகாதார செவிலியரின் நிலை இதைவிடத் தனிமையானது. ஊரார் வாயில் அவர் நர்சம்மா. நாட்டில் ஏ.என்.எம். படிப்பு 1951-ல் பஞ்சாபின் தர்ன் தாரனில் தொடங்கியது. 1973-ல் கர்த்தார் சிங் குழு அவரைப் பிரசவம், தடுப்பூசி, குடும்பநலம் எல்லாம் பார்க்கும் பல்நோக்குப் பணியாளராக மாற்றச் சொன்னது. சமவெளியில் 5,000 பேருக்கு, மலையில் 3,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது கணக்கு. ஜவ்வாது மலையையும் சமவெளியையும் சேர்த்து வைத்திருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு இரண்டு கணக்கும் பொருந்தும். மேலே பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர் என்று மேற்பார்வை உண்டு. பக்கத்தில் யாரும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், நாட்டிலேயே தெளிவான தொழில் தரநிலை எழுதப்பட்டிருப்பது நர்சிங் ஏணியின் கடைசிப் படியில் இருக்கும் இவருக்குத்தான். பேறுகாலப் பராமரிப்புக்கும் பயிற்சி பெற்ற கையால் பிரசவம் பார்ப்பதற்கும் மத்திய சுகாதாரத் துறை 2010-ல் வெளியிட்ட வழிகாட்டி, எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று மில்லிகிராம் சுத்தமாகச் சொல்கிறது. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் தசையில் போடலாம். வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்பேட்டின் முதல் டோஸ், ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம் 10 கிராம், டாக்டருக்காகக் காத்திராமல் போடலாம். அடுத்த டோஸைப் போட உட்காரக் கூடாது; வண்டி வரவழைத்து ரெஃபர் செய்ய வேண்டும். பார்ட்டோகிராஃபில் பிரசவ முன்னேற்றம் எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டினாலும் அதுவே. எது உன் வேலை, எந்த நொடியில் அது உன் வேலையாக இல்லாமல் போகிறது என்று இரண்டையும் சொன்னதால்தான் இது தரநிலை. நர்சிங் ஹோமில் நிற்கும் ஜி.என்.எம்.முக்கு அன்றாட வார்டு வேலையில் இவ்வளவு துல்லியமாக யாரும் எழுதித்தரவில்லை.

தடுப்பூசி விஷயத்தில் இந்தத் தெளிவு வலியில்லாமல் வந்துவிடவும் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதையடுத்து தமிழ்நாடு அரசு கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றியது. தட்டம்மை மருந்துக்கு அதே நிறுவனம் அனுப்பிய கரைப்பான்தான் சேர்க்க வேண்டும், கலக்கிய நேரத்தைக் குப்பியில் எழுத வேண்டும், நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும் என்பவை புது செவிலியருக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடமாக வேண்டிய பாடங்கள்.

ஆனால் எழுதிய தரநிலையும் செய்கிற வேலையும் விலகிப் போகின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய எண். அதன் மறுபக்கம், நர்சம்மாவின் கையில் பிரசவம் அனேகமாக இல்லை. கர்ப்பிணியைப் 'பிக்மி' பதிவில் ஏற்றுவது, எண் வாங்கித் தருவது, முத்துலட்சுமி ரெட்டி உதவித் தொகைக்கான விவரங்களைச் சரிபார்ப்பது, மக்களைத் தேடி மருத்துவத்தின் சர்க்கரை, ரத்த அழுத்தக் கணக்குகள் என்று பகல் போய்விடுகிறது. பத்து வருடம் பிரசவமே பார்க்காத ஒருவரிடம், மழையில் வண்டி வராத இரவில் ஒரு தலை தெரியும்போது, 2010 வழிகாட்டியை நீட்டுவது நியாயமா? கைத்திறனுக்கும் புதுப்பிப்பு வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது வகுப்பில் உட்கார்ந்த மணிகளை எண்ணுகிறோம். கை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை.

இனி ஆளும் சம்பளமும். பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்றுக்கு ஒருவர் என்பது நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவில் இந்தக் கணக்கு எங்கே நிற்கிறது என்று ஏதாவது ஒரு வார்டுக்குள் போய் எண்ணிப் பார்த்தாலே தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகள் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. ஆரணி அளவிலான ஊர்களில் அந்தத் தொகையோடு சேரும் புது நர்ஸ் அதிர்ஷ்டசாலி. அரசும் முன்மாதிரியாக நடந்துவிடவில்லை. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-ல் தேர்வு வைத்து எடுத்த நர்சுகளுக்கு ஆரம்பத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். 2017 நவம்பர் இறுதியில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் கூடி உட்கார்ந்தபோதுதான் பலருக்கு அந்தத் தொகையே தெரிந்தது.

சம்பளத்துக்கும் தொழில் தரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. நேரடித் தொடர்பு. குறைந்த சம்பளத்தில் அனுபவசாலி நிற்க மாட்டார்; வேலூருக்கோ சென்னைக்கோ வளைகுடாவுக்கோ போவார். அவர் போனபின் வார்டில் மிஞ்சுவது சென்ற வருடம் சேர்ந்தவரும் இந்த வருடம் சேர்ந்தவரும். யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது? இங்கிலாந்து போல் ஓராண்டுத் துணை வைக்கச் சொன்னால், துணையாக வைக்க ஆள் எங்கே என்று நர்சிங் ஹோம் டாக்டர் கேட்பது முழுக்கச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது.

இருந்தும் செய்யக்கூடியவை இருக்கின்றன, அவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை. புதிதாகச் சேரும் நர்சுக்கு ஊசி, ஐ.வி. மருந்து, ரத்தம் ஏற்றுதல், லேபர் ரூம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கத் தாள். பக்கத்தில் நின்று பார்த்த மூத்தவர் கையெழுத்திட்ட பிறகே அந்த வேலையைத் தனியாகச் செய்ய அனுமதி. பொட்டாசியம் குளோரைடு போன்ற ஆபத்தான மருந்துகளை வார்டு அலமாரியில் மற்றவற்றோடு கலந்து வைக்காதிருப்பது. தொலைபேசி உத்தரவுக்கு ஒரு தனி நோட்டு. மூத்த நர்சே இல்லாத சிறு நர்சிங் ஹோம்கள் நான்கைந்து சேர்ந்து, பக்கத்து அரசு மருத்துவமனையின் உதவியோடு மாதம் ஒருநாள் பயிற்சி வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லிருந்தே இருக்கிறது. விதிகள் 2018-ல் வந்தன. உரிமம் கொடுக்க வருகிற அதிகாரி தீயணைப்புக் கருவியைப் பார்ப்பதோடு, இரவுப் பட்டியலை வாங்கி, அதில் உள்ளவர்களின் பதிவு எண்ணையும் சேர்ந்த தேதியையும் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

நோயாளியின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. அட்மிஷன் போடும்போது ஏ.சி. ரூம் இருக்கிறதா என்று கேட்கிறோம். ராத்திரி டியூட்டியில் இருப்பவர் பதிவு பெற்ற நர்ஸா, அவரோடு மூத்தவர் ஒருவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். போடப்போகும் மருந்தின் பெயரை அவர் வாய்விட்டுப் படித்தால் பொறுமையாக நில்லுங்கள். ஆரணியில் நர்சிங் ஹோம் நடத்தும் டாக்டர்கள் புதிதாக வந்த நர்சை முதல் ஆறு மாதம் இரவில் தனியாக நிறுத்தாமல் இருக்க வேண்டும். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.